“ஜட்ஜ் பண்ணாதீங்க” என்பதற்குத் தமிழ் தேடியபோது: சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் இணையப் பதிப்பு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் அநுபந்தத் தொகுதியாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய அகராதித் திட்டத்தின்கீழ் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்ட அந்த ஏழு தொகுதிகளையும், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்து நகரில் இருந்துகொண்டே, கைப்பேசியில் புரட்டிப் பார்க்க முடிகிறது. தமிழ் மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துபவள் என்ற முறையில் இந்தச் சேவையை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். அகராதி முழுவதையும் எடைபோடுவது என் தகுதிக்கு மீறிய வேலை. ஆகவே, பிறரைக் கடுமையாகக் குறை கூறுவதையும் அவர்கள்மீது தீர்ப்புச் சொல்வதையும் குறிக்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தேடும் ஒருவருக்கு இது எந்த அளவுக்குத் துணை செய்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி. எல்பில், டோவன்பி, ஹீவுட் தோட்டப் பக்கங்களிலிருந்தும் நகரத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது “ஜட்ஜ் பண்ணாதீங்க” என்று அடிக்கடி சொல்கிறார்கள். உடையைப் பற்றி, காதலைப் பற்றி, தேர்வு முடிவைப் பற்றி, ஒரு பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் உடனே இந்தத் தொடர் வந்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கான கட்டுரை ஒன்றில் இதே கருத்தை எழுத வேண்டியிருந்தபோது ஒரு மாணவி, “டீச்சர், ஜட்ஜ் பண்றதுக்குத் தமிழ்ல என்னன்னு எழுதுறது?” என்று கேட்டாள். குறை கூறுதல், பழித்தல், இகழ்தல், விமர்சித்தல், தீர்ப்பளித்தல் என்று வகுப்பிலிருந்தே ஐந்தாறு விடைகள் வந்தன. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று பொருந்தவில்லை என்பதை எல்லாரும் உணர்ந்தார்கள். ஏன் பொருந்தவில்லை என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த “ஏன்” என்பதற்கு விடை தரும் அகராதிதான் நல்ல அகராதி என்பது என் கருத்து.

பயன்படுத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேடல் பெட்டியில் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். வினைச்சொல்லாக இருந்தால் வினையடியை மட்டும் இட வேண்டும். “தூற்றினார்கள்” என்று இட்டால் எதுவும் வராது, “தூற்று” என்று இட்டால் வரும். தலைச்சொல்லை மட்டும் தேடாமல் பதிவுகளின் உள்ளேயும் தேடும் வசதி இருப்பதால், ஓர் ஆங்கிலச் சொல்லை இட்டு அதற்கு விளக்கமாக வந்திருக்கும் தமிழ்ச் சொற்களையெல்லாம் திரட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வினைக்கும் அருகில் ஓர் எண் இருக்கும். இகழ்தலுக்கு 4, தூற்றுதலுக்கு 5, பழித்தலுக்கு 11 என்று வரும் அந்த எண்கள் வினை திரியும் முறையைக் காட்டுகின்றன: இகழ்ந்தான், தூற்றினான், பழித்தான். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசி வளரும் பிள்ளைகளுக்கு இறந்தகால வடிவங்கள் தடுமாறுகின்றன. அந்த எண்ணின் பொருளை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே சரிபார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பயனை அகராதியைப் பாராட்டுபவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. பிறகு ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், அந்தப் பொருளில் சொல் வழங்கிய நூலின் மேற்கோள், அடைப்புக்குள் நூற்பெயரும் எண்ணும் என்று பதிவு செல்லும்.

முதலில் தூற்று என்ற சொல். நெல்லைக் காற்றில் தூவிப் பதர் நீக்குவதும் தூற்றுதல். ஒருவரைப் பற்றிய பழியை ஊரெங்கும் பரப்புவதும் தூற்றுதல். இரண்டையும் ஒரே பதிவில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, பின்னதில் உள்ள “பரப்புதல்” என்ற கூறு எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடுகிறது. நெல்வயலையே அருகில் கண்டிராத, செம்பனைக்கும் பால்மரம் என்னும் ரப்பர் மரத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகள், “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்ற பழமொழியை, வாய்ப்புக் கிடைக்கும்போதே பிறரைத் திட்டிக்கொள் என்று விளங்கிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காதில் விழும் தூற்றுதல் “போற்றுவார் போற்றட்டும், தூற்றுவார் தூற்றட்டும்” என்பதில் வரும் தூற்றுதல் மட்டுமே. ஒருவரைத் தனியே அழைத்து வைதால் அது தூற்றுதல் ஆகாது. நான்கு பேர் காதில் விழும்படி விரித்தால்தான் தூற்றுதல். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவருடைய படத்தைப் போட்டுக் கீழே வரிசையாக எழுதப்படும் வசைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் தமிழ்ச் சொல் இதுதான் என்பதை வகுப்பு தானாகவே கண்டுபிடித்தது.

இகழ்தல் வேறு வகை. அதற்கு அவமதித்தல் என்ற பொருளோடு மறத்தல், பொருட்படுத்தாமல் விடுதல் என்ற பழம்பொருளும் உண்டு. திருக்குறளில் பொச்சாவாமை அதிகாரத்தில் “இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக” என்று வருவது இந்தப் பொருளில்தான். அங்கே இகழ்ச்சி என்பது கவனக்குறைவு. “தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை” என்னும்போது அது அவமதிப்பு. ஒரே சொல் இரண்டையும் தாங்குவதைப் பார்த்தால், ஒருவரை இகழ்வது என்பது அவரைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லாதவராக ஒதுக்கிவிடுவது என்று புரிகிறது. சத்தம் போட்டுத் திட்டுபவரைவிட, பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் நம்மை அதிகமாக இகழ்கிறார். எள்ளுதலோ நகையோடு சேர்ந்தது. தொல்காப்பியம் நகைச்சுவை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலையே முதலில் வைக்கிறது. இது குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எள்ளல் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

நான் அதிக நேரம் நின்றது பழி என்ற சொல்லில். அகராதியில் இது பெயராகவும் வினையாகவும் தனித்தனியே வருகிறது. இதைச் சார்ந்த கூட்டுச் சொற்களும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பழித்தல் குற்றம் கூறுவது. பழி போடுதல் செய்யாததைச் செய்ததாக ஒருவர் தலையில் ஏற்றுவது. பழி சுமத்துதலும் அதற்கு அருகில் நிற்கிறது. ஆனால் “சுமத்துதல்” என்ற வினை, அந்தக் குற்றச்சாட்டை வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பழி வாங்குதல் முற்றிலும் வேறு. அங்கே பழி என்பது தீர்க்கப்பட வேண்டிய ஒரு கடனாக மாறிவிடுகிறது. பழிப்புக் காட்டுதல் என்பது குழந்தைகள் முகத்தைக் கோணி ஒருவரைப்போலச் செய்து காட்டுவது. பழிக்கு அஞ்சுதல் இன்னொரு திசையில் போகிறது: பிறர் சொல்லுக்கு அஞ்சுவதும், தன் செயலால் தனக்கு வந்து ஒட்டக்கூடிய களங்கத்துக்கு அஞ்சுவதும் அதில் ஒன்றாகின்றன. இத்தனையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: பழி ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு மற்றவர்மேல் போய்த் தங்கிவிடும் பொருளாகவே தமிழில் கருதப்படுகிறது. ஏச்சு அந்த நேரத்துச் சூட்டோடு போய்விடும், பழி போகாது. ஒரு பெண்ணைப் பற்றிய ஒரு பேச்சு, அவள் திருமணமாகி வேறு மாநிலத்துக்குப் போன பிறகும் இங்கே அவள் தங்கையின் வரன் பேச்சில் வந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குச் சரியான பெயர் பழி. விமர்சனம் என்று அதை மென்மையாக்குவது தவறு.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொற்களை இந்த அகராதி சேர்த்துத் தருவதே இதன் பெருமதிப்பு என்பேன். கடிதல், கழறுதல், இடித்தல், இடித்துரைத்தல் ஆகியவையும் கடுமையான சொற்கள்தாம். ஆனால் அவற்றைச் சொல்பவர் யார், யாருக்குச் சொல்கிறார் என்பது வேறுபடுகிறது. “நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு” என்ற குறளில், இடித்துச் சொல்வது நண்பனின் கடமையாகவே வைக்கப்படுகிறது. சங்கப் பாடல்களில் தலைவனின் காதலைக் கண்டு தோழன் கடிந்துரைப்பதற்குக் கழறல் என்று பெயர். அதற்குத் தலைவன் மறுமொழி சொல்வது கழற்றெதிர்மறை என்ற தனித் துறை. அதாவது, கழறப்பட்டவனுக்குப் பதில் சொல்லும் உரிமை இலக்கணத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய 58ஆம் பாடல் “இடிக்கும் கேளிர்” என்று தொடங்குகிறது. இடிப்பவர்கள் கேளிர், அதாவது சொந்தமாக உள்ளவர்கள். எதிரே நின்று, பதில் கேட்கக் காத்திருந்து, பிறகும் உறவாக இருப்பவர் சொல்லும் கடுஞ்சொல் இடித்துரை. மாணவர்கள் “ஜட்ஜ் பண்ணாதீங்க” என்று தடுக்கும் சொற்களில் பாதிக்குமேல் இந்த இடித்துரைதான் என்று நான் வகுப்பில் சொன்னபோது அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால், ஒருவர் தன்னிடம் நேரில் சொன்னதையும் தன் முதுகுக்குப் பின்னால் சொன்னதையும் ஒரே சொல்லால் தள்ளிவிடுவது தங்களுக்கே நட்டம் என்று ஒரு மாணவன் கடைசியில் ஒப்புக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் என்று சொன்னதும் வேறொரு சொற்கூட்டம் திறக்கிறது. தமிழ் மரபு மொழிக்குற்றங்களை நான்காகப் பிரிக்கும்: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல். குறளை என்பது கோள், புறங்கூற்று. அதைக் கடுஞ்சொல்லோடு சேர்க்காமல் தனியே வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். “கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்” என்ற குறள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. ஒருவர் முகத்துக்கு எதிரே இரக்கமில்லாமல் பேசினாலும் பேசு, அவர் இல்லாத இடத்தில் பின்விளைவை எண்ணாத சொல்லைச் சொல்லாதே என்பது அதன் கருத்து. ஆங்கிலச் சொல் ஒன்றை இட்டுப் பதிவுகளுக்குள் தேடினால் குறளை, கோள், அவதூறு, அலர் போன்ற சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் அலரும் அம்பலும் எனக்கு மிகவும் பிடித்தவை. காதலர்களைப் பற்றிச் சிலர் தமக்குள் முணுமுணுக்கும் விரியாத பேச்சு அம்பல். அது ஊரறிய மலர்ந்துவிட்டால் அலர். சுவருக்கு ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் கேட்கும் லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது தெரியும். திருவள்ளுவர் அலருக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, ஊராரின் கௌவையை எருவாகக் கொண்டு காதல் வளர்கிறது என்று அதைத் திருப்பிப் போட்டார். அலருக்கு ஆளானவர் பக்கம் நின்று எழுதப்பட்ட அந்தப் பத்துக் குறள்களை, ஊர் வாயில் விழுந்து நொந்திருக்கும் எந்த இளம்பெண்ணுக்கும் நான் பரிந்துரைப்பேன்.

இனி மாணவியின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக எழுத வேண்டுமென்றால் தீர்ப்பளித்தல், தீர்ப்பிடுதல் என்று எழுதலாம். தமிழ் விவிலியத்திலும் “மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்” என்று இருக்கிறது. நீதிமன்றத்தைத்தான் நினைவூட்டும் என்று எண்ணித் தீர்ப்பு என்ற சொல்லை முதலில் நாங்கள் விட்டுவிட்டோம். அதன் வினையடியான தீர் என்பதைத் தேடிப் பார்த்தபோது எங்கள் எண்ணம் மாறியது. தீர்தலுக்கு முடிதல் என்ற பொருளோடு நீங்குதல், விட்டுப் பிரிதல் என்ற பொருளும் உண்டு. “தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டாகும்” என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஒருவரைப் பற்றித் தீர்ப்பிடுகிறோம் என்றால் அவரைப் பற்றிய கேள்வியை முடித்துவிடுகிறோம். இனி அவர் சொல்ல எதுவும் இல்லை, நாம் கேட்கவும் எதுவும் இல்லை என்று அவரை விட்டுவிடுகிறோம். இது நான் சொற்களை அருகருகே வைத்து எடுத்துக்கொண்ட பொருள். அகராதி இப்படி விளக்கம் எழுதுவதில்லை. ஆனால் இப்படி எடுத்துக்கொள்ளத் தேவையான எல்லாவற்றையும் அது ஒரே பக்கத்தில் பரப்பி வைக்கிறது. இடிப்பவர் விடுவதில்லை, தீர்ப்பிடுபவர் விட்டுவிடுகிறார் என்ற வேறுபாட்டை அந்த மாணவி தன் கட்டுரையில் தன் சொற்களிலேயே எழுதினாள். நான் படித்த மாணவர் கட்டுரைகளில் மிகச் சிறந்த பத்தி அது.

கண்டித்தல் பற்றி ஒரு குறிப்பு. வடமொழியில் துண்டாக்குதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது கண்டனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயவாதிகள் ஒருவரையொருவர் மறுத்து எழுதிய நூல்களும் துண்டறிக்கைகளும் கண்டனம், மறுப்பு என்ற பெயர்களிலேயே வந்தன. அங்கே வெட்டப்பட்டது பெரும்பாலும் எதிராளியின் வாதம், சில நேரங்களில் எதிராளியே. இன்று “கண்டித்து வளர்க்க வேண்டும்” என்று பெற்றோர் சொல்லும்போது அந்த வெட்டு மறைந்து, கட்டுப்பாடு என்ற பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது. தலைமுறைகளுக்கு இடையே ஒரு சொல் எப்படி மென்மையாகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, இதன் ஆங்கிலம் நூறாண்டுப் பழமை உடையது. ரிவைல், காலம்னி, அஸ்பெர்ஷன் என்று வரும் விளக்கங்களைப் படித்துப் புரிந்துகொள்ள இடைநிலைப் பள்ளி மாணவருக்கு இன்னோர் ஆங்கில அகராதி தேவைப்படுகிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் தமிழ்ப் பொருளோ பெரும்பாலும் ஒற்றைச் சொல். பழித்தல் என்றால் நிந்தித்தல், நிந்தித்தல் என்றால் இகழ்தல் என்ற முறையில் ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைக் காட்டிக்கொண்டு போனால், நுட்பம் அறிய வந்தவர் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். மேற்கோள்கள்தாம் இந்தச் சுழலிலிருந்து காப்பாற்றுகின்றன. ஆனால் மேற்கோள்கள் ஓரடி, ஒரு தொடர் என்ற அளவில் நறுக்கப்பட்டிருப்பதால் மூலநூலைத் தெரிந்தவருக்கு மட்டுமே முழுப் பயன். இரண்டாவது, நூற்பெயர்களின் சுருக்கக் குறிகளைக் கைப்பேசியின் சிறு திரையில் பார்த்துக் கண்டுகொள்வது கடினம். சுருக்கக் குறிகளின் பட்டியலை ஒருமுறை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வதே நல்லது. எங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

மூன்றாவது குறை என் மனத்தை உறுத்துவது. இந்த அகராதி யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக்குறி தருகிறது. வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்பவற்றுக்கும் குறிகள் உண்டு. மலாயாத் தமிழுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதன் தொகுதிகள் அச்சில் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி மலாயாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் கணிசமானோர் தோட்டங்களில் இருந்தார்கள். விடியற்காலைப் பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கங்காணியும் கிராணி என்ற தோட்டத்து எழுத்தரும் பேசிய தமிழ், லயங்களில் பெண்கள் பேசிய தமிழ், கள்ளுக்கடை வாசலில் ஆண்கள் பேசிய தமிழ் ஆகியவை அந்தப் பக்கங்களுக்குள் நுழையவில்லை. வையாபுரிப் பிள்ளை போன்ற பேரறிஞர் 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து எவ்வளவு பெரிய உழைப்பைச் செலுத்தினார் என்பதை நன்றாக அறிந்தே இதைச் சொல்கிறேன். அன்று தொகுப்பாளர்களுக்குக் கிடைத்த சான்றுகள் நூல்கள். தோட்டத்து மக்களின் பேச்சை அவர்களுக்கு எழுதி அனுப்ப இங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளி நான் எடுத்துக்கொண்ட சொற்களிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டில் பொதுவாகத் திட்டுவார்கள். நாங்கள் இங்கே ஏசுவோம். “அம்மா ஏசுவாங்க” என்று சொல்லும் பிள்ளைக்கு அது பயமும் பாசமும் கலந்த அன்றாடச் சொல். ஏசுதல் அகராதியில் இருக்கிறது. ஆனால் இகழ்தல், வைதல் என்ற வரிசையில், கடுமையான சொல்லாக இருக்கிறது. இந்த ஊர்ப் புழக்கத்தில் அது அவ்வளவு கொடியது அல்ல. ஏசிய வாயே சற்று நேரத்தில் சோறு போடக் கூப்பிடும். நொட்டை சொல்வது அதைவிடக் கசப்பானது. என் பக்கத்து வீட்டில், நெடுங்காலம் பால்மரம் சீவிய ஒரு பாட்டி, ஊரில் உள்ள ஒருவரைப் பற்றி, “நாலு பேர நொட்ட சொல்லாட்டி அவனுக்குச் சோறு எறங்காது” என்பார். செய்கிற எதிலும் ஒரு குறையைத் தேடிப் பிடிக்கிற, அதற்காகவே பார்வையை வைத்திருக்கிற ஒருவரைக் குறிக்க அவரிடம் இருப்பது இந்தச் சொல்தான். மாணவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல விரும்பும் குணத்துக்கு மிக அருகில் வருவதும் இதுவே. நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசுவது, வாயில் போட்டு மெல்லுவது, வத்தி வைப்பது என்று அவர் வாயில் வரும் தொடர்களை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன். இளையவர்களோ மலாயிலிருந்து “குத்தோக்” என்பதை எடுத்து “குத்தோக் பண்ணாதே” என்கிறார்கள். மலாயில் சாபத்தைக் குறித்த அந்தச் சொல் இன்று நண்பர்களிடையே ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதையும் குறிக்கிறது. பாட்டியின் நொட்டையும் பேரனின் குத்தோக்கும் ஒரே வீட்டில் பேசப்படுகின்றன. இரண்டையும் பதிவு செய்யும் வேலை இங்கே இருப்பவர்களுடையது.

இன்றைய எழுத்துத் தமிழுக்கு மட்டும் துணை தேடுபவர்கள், 1992இல் முதலில் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிந்த பதிப்புகளைக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்குச் சொல் மாற்றித் தராமல் முழு வாக்கியத்தில் பொருள் விளக்கி, எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும் முறை அதனுடையது. இலங்கைத் தமிழ் வழக்குகளையும் அது அடையாளமிட்டுச் சேர்த்திருக்கிறது. அதை வெளியிட்ட க்ரியா ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே 2020 நவம்பரில் காலமானார். தன் வாழ்வின் பெரும்பகுதியை ஓர் அகராதிக்குக் கொடுத்தவரின் உழைப்பு அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தெரியும். பேரகராதி ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று காட்டும். தற்கால அகராதி அது இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டால், கட்டுரையில் பழம்பொருளைத் தவறான இடத்தில் பயன்படுத்தும் ஆபத்து உண்டு.

இணையப் பேரகராதியை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம்.முக்குத் தமிழ் எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், பட்டிமன்றத்திலும் சொற்போரிலும் பேசுபவர்களுக்கும், கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஓர் அறிக்கை எழுதும் பொறுப்பு வந்துவிட்டவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடைசியாகச் சொன்னவர்களைச் சேர்க்கக் காரணம் உண்டு. “கண்டிக்கிறோம்”, “வருந்துகிறோம்”, “குற்றம் சாட்டுகிறோம்” என்ற மூன்றில் எதை எழுதுவது என்பதில் ஒரு குடும்பத்தின் மானமே அடங்கியிருந்த சந்தர்ப்பங்களை இந்த ஊர் கண்டிருக்கிறது. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு ஆசிரியரே பார்த்துச் சொல்வது நல்லது. மதிப்பெண் தர வேண்டுமானால் ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த ஒன்று மலாயாத் தமிழ் இல்லாததற்காக.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். பேரகராதியின் பதிவு அமைப்பையே பின்பற்றி, இடப்பக்கத்தில் அகராதி தரும் பொருளையும் மேற்கோளையும், வலப்பக்கத்தில் அதே சொல்லை வீட்டில் யார், எந்தச் சூழலில், எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதையும் மாணவர்கள் எழுதுகிறார்கள். ஏசு, நொட்டை, பழி, குத்தோக் ஆகிய பக்கங்கள் நிறைந்துவிட்டன. கழறுதலுக்கு எதிரே வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்தச் சொல்லை இங்கே யாரும் பேசுவதில்லை. அந்த வேலையை இவர்கள் வீட்டில் எந்தச் சொல் செய்கிறது என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். “புத்தி சொல்றது” என்று இருவர் எழுதி வந்திருக்கிறார்கள், “எடுத்துச் சொல்றது” என்று ஒருவர்.